கிள்ளான் பள்ளத்தாக்கில் பக்கவாதம் நடிக்கப் போன கதை

மலேசியாவுக்குப் போகிறவர்கள் கோபுரம் பார்க்கப் போவார்கள், குகைக் கோயிலுக்குப் போவார்கள், தங்கை மகள் கல்யாணத்துக்குப் போவார்கள். நான் பக்கவாதம் வந்தவனாகப் படுத்துக்கொள்ளப் போனேன். சென்ற ஆண்டு, தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, மூன்று நாள் வேலை.

திருச்சியில் மொழிபெயர்ப்பு என் தொழில். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் தாளைத் தமிழில் எழுதுகிறவன். என் எழுத்தை யாரும் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை என்பதால் விமர்சனத் தொல்லை இல்லை. கோலாலம்பூரில் ஓர் அறக்கட்டளை, தோட்டத்து மருந்தகங்களிலும் சிறிய கிளினிக்குகளிலும் வேலை செய்பவர்களுக்குப் பக்கவாதத்தை உடனே கண்டுபிடிக்கவும் முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியதைச் செய்யவும் பயிற்சி தருகிறது. அதன் கையேட்டை நான்தான் தமிழாக்கினேன். பிறகு ஒரு நாள் தொலைபேசியில் கேட்டார்கள்: தமிழில் குழறிப் பேசும் ஒரு போலி நோயாளி வேண்டும், உள்ளூரில் ஏற்பாடு செய்திருந்த நடிகருக்குத் தொலைக்காட்சித் தொடரில் நல்ல வேடம் கிடைத்துவிட்டது, நீங்கள் வர முடியுமா? விமானச் சீட்டும் தங்குமிடமும் தருகிறோம் என்றார்கள். என் குழறலை நம்பி ஒருவர் அழைத்தது அதுவே முதல் முறை.

இருபத்தாறு முறை நடித்தேன். மூன்றாம் நாள் காலை, என் பக்கத்து இருக்கையில் இருந்தவருக்கு உண்மையாகவே வந்தது. அவருடைய இடது கையும் பேச்சும் திரும்புமா என்பது, ஒரு கேள்விக்கு நான் என்ன பதில் சொல்கிறேன் என்பதில் பெருமளவு தொங்கிக்கொண்டிருந்தது. போய்வரும் வழி, செலவு என்று நீங்கள் எதிர்பார்க்கும் விவரங்களும் இதில் உண்டு. இரண்டையும் பிரித்து எழுத எனக்கு வரவில்லை.

திருச்சியிலிருந்து நேர் விமானம், நான்கு மணி நேரம். விடிகாலை 6.10க்கு இறங்கினேன். நகருக்குப் பேருந்து 15 ரிங்கிட், ஒரு மணி ஐந்து நிமிடம். வழியெல்லாம் பாமாயில் தரும் செம்பனை. ஒரே உயரம், ஒரே இடைவெளி, அடியில் வெண்பனி. பாதித் தூக்கத்தில் பார்த்தால் பேருந்து நிற்கிறது, மரங்கள்தாம் அணிவகுத்து எங்கோ வேலைக்குப் போகின்றன என்று தோன்றும். முழுத் தூக்கம் வந்ததும் அவை உள்ளேயும் வந்தன.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் அறை, சென்ட்ரல் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை, நாளுக்கு 95 ரிங்கிட். ஜன்னலுக்கு வெளியே, தலையணை உயரத்தில், மோனோரயில் சத்தமில்லாமல் போய்வந்தது. அதில் நின்றுகொண்டிருந்தவர்கள் நான் படுத்திருப்பதைப் பார்த்தார்கள். மறுநாள் வேலைக்கு இது நல்ல ஒத்திகை. கீழே நடைபாதையில், பார்வையற்றவர்கள் காலால் தடவி நடக்க மேடு வைத்த மஞ்சள் கற்கள் பதித்திருக்கிறார்கள். வழி தவறாமல் இருக்க அவற்றின் மேல் மோட்டார் சைக்கிள்களை நிறுத்தியிருக்கிறார்கள்.

முதல் நாள் பயிற்சி ஒரு சங்கக் கட்டடத்தின் மாடியில், காலை 9 மணிக்கு. நடத்தியவர் சிஸ்டர் புஷ்பா. பக்கவாதப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். கழுத்தில் ஒரு நிறுத்தற்கடிகாரம் தொங்கும். என்னைத் தள்ளுகட்டிலில் படுக்கவைத்துவிட்டு முதல் பாடத்தை எனக்கே எடுத்தார்.

"சார், வலிக்கிற மாரி மூஞ்ச வச்சுக்காதீங்க. இதுல வலி இருக்காது. அதுதான் சூசா, கஷ்டம். வலிச்சா எல்லாரும் ஓடியாந்துருவாங்க. வலிக்காததால படுத்துத் தூங்கிருவாங்க."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "பாஸ், நீங்க சாவுற மாரி செய்றீங்க. இது சாவு இல்ல லா. பாதி ஆளு லீவு போட்ட மாரி."

அவர்தான் மணியம் அண்ணன். ஐம்பத்தெட்டு வயது. முன்பு லோரி ஓட்டியவர், இப்போது அறக்கட்டளையின் வேனை ஓட்டுகிறார். கட்டிலை மாடிக்குத் தூக்கிவந்த களைப்பில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து, இடது கன்னத்தைத் தொங்கவிட்டு, இடது கையை ஈரத்துணி போலப் போட்டு, "கு...ட் மோ...ர்னிங்" என்றார். மண்டபமே சிரித்தது. என்னைவிட நன்றாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"மணியம் அண்ணே, நீங்க போயி வண்டியக் கழுவுங்க" என்றார் சிஸ்டர்.

அன்று பதினோரு முறை படுத்தேன். பாதி இமையை மூடிக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடப்பது விநோதமான அனுபவம். மின்விசிறி சுழல்கிறது. முகங்கள் ஒவ்வொன்றாக மேலே உதிக்கின்றன, "அண்ணே, சிரிங்க" என்கின்றன, "ரெண்டு கையும் தூக்குங்க" என்கின்றன, மறைகின்றன. நாலாவது முறைக்குப் பிறகு, இவர்கள் வேறு கரையில் நிற்கிறார்கள், நான் மெல்ல ஒரு படகில் நகர்கிறேன் என்று தோன்றத் தொடங்கியது. பிற்பகல் தேநீர் வேளையில் என் இடது கை கோப்பையை எடுக்கச் சற்றுத் தயங்கியது. நடிப்பில் மூழ்குவது என்பது இதுதானோ என்று பெருமைப்பட்டேன். கை மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் கிள்ளான். சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் எனும் புறநகர் ரயில், நான்கு ரிங்கிட் சில்லறை, ஒரு மணி பத்து நிமிடம். நிலையத்துக்கு வெளியே மணியம் அண்ணன் வேனிலிருந்து வாயைக் கோணலாக்கி வரவேற்றார். "என்ன பாஸ், இன்னிக்கு எந்தப் பக்கம்? லெஃப்டா ரைட்டா?" இறங்கும்போதும் ஏறும்போதும் இதே விளையாட்டு. அவர் வாய் கோணினால் நான் சிரிப்பது என்று எங்களுக்குள் ஒரு வழக்கம் அதற்குள் ஏற்பட்டுவிட்டது. அவர் சொல்லும் நகைச்சுவைகளை, இந்த வலைப்பதிவில் திருடிப் போடும் நோக்கத்தோடு, நேரம் போட்டுச் சிறு நோட்டில் குறித்துக்கொண்டேன்.

அன்று என்னிடம் வந்தவர்களில் ஒருவர் அம்பிகா. கேரி தீவில் ஒரு செம்பனைத் தோட்டத்தின் மருந்தகத்தில் பதினோரு வருடமாக உதவியாளர். தோட்டத்து மருத்துவ உதவியாளரை அங்கே இன்னும் டிரெஸ்ஸர் என்றுதான் சொல்கிறார்கள். அவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருவார், மற்ற நாள்களில் அம்பிகா தனியாக இருப்பார்.

அம்பிகா முதலில் ஈரத்துணியால் என் முகத்தைத் துடைத்தார். தலை வாரிவிட்டார். கசங்கிய கைலியை இழுத்துச் சரிசெய்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆள் பார்க்க நன்றாக இருக்க வேண்டும். பிறகு பக்கத்திலிருந்த பெண்ணிடம் சூடாக ஒரு கோப்பை மைலோ, சாக்லேட் சத்துப்பானம், கலக்கச் சொன்னார். கிள்ளான் பள்ளத்தாக்கில் மயக்கம், துக்கம், தேர்வில் தோல்வி எல்லாவற்றுக்கும் முதல் சிகிச்சை மைலோ. பிறகு, "டிரெஸ்ஸர் ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு..." என்று சுற்றிப் பார்த்தார்.

சிஸ்டர் கடிகாரத்தை நிறுத்தினார். "பதினாலு நிமிஷம், அம்பிகா. சார் மூளையில பாதி போச்சு. மைலோ நுரையீரலுக்குப் போயிருக்கும். முகம், கை, பேச்சு, நேரம். நாலுதான். அஞ்சாவதா மைலோ இல்ல."

"சாரி சிஸ்டர்."

"எனக்கு எதுக்கு சாரி? அவருக்குச் சொல்லு."

"சாரிண்ணே" என்றார் அம்பிகா. "பரவாயில்லைம்மா" என்றேன் நான், தெளிவான உச்சரிப்பில். எனக்கும் திட்டு விழுந்தது.

பிற்பகல் முழுவதும் ஒரே கேள்வியைப் பயிற்றுவித்தார்கள். உறவினரிடம் "எப்ப ஆச்சு?" என்று கேட்கக் கூடாது. அவர்கள் தாங்கள் பார்த்த நேரத்தைச் சொல்வார்கள். "கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?" என்று கேட்க வேண்டும். அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள்தான் அடைப்பைக் கரைக்கும் மருந்து. தவறான நேரம் சொன்னால் மருந்து கிடைக்காமல் போகலாம், அல்லது கொடுக்கக் கூடாத நேரத்தில் கொடுத்து மூளையில் ரத்தம் கசியலாம். பிறகு தொலைபேசி. பயிற்சியில் உண்மையாக அவசர எண்ணான 999ஐ அழைக்க முடியாது என்பதால், கட்டை விரலையும் சுண்டு விரலையும் நீட்டிக் காதில் வைத்து "ஹலோ" என்பார்கள். முப்பது பேர் வெறும் கையோடு பேசிக்கொண்டிருந்ததைக் கட்டிலில் கிடந்து பார்த்தேன். யாரும் இல்லாத ஊருக்கு எல்லோரும் செய்தி சொல்வதுபோல் இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அம்பிகா எனக்கு எதிரில் உட்கார்ந்தார். இரண்டு வருடத்துக்கு முன்பு, தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் ஒருவர் வாய் கோணி மருந்தகத்துக்கு வந்தாராம். இவர் மைலோ கொடுத்துவிட்டு டிரெஸ்ஸரைத் தொலைபேசியில் தேடினாராம். ஐம்பது நிமிடம்.

"இப்ப அவரு வீட்டு வாசல்ல உக்காந்திருப்பாரு, அண்ணே. நான் வேலைக்குப் போறப்ப தெனம் பாப்பாரு. ஒன்னும் சொல்ல மாட்டாரு. சொல்ல முடியாதுல்ல." பயிற்சியின் முடிவில் வைக்கும் தேர்வில் தேறினால், யாரையும் கேட்காமல் ஆம்புலன்சை அழைக்கும் அதிகாரம் எழுத்தில் கிடைக்கும். மறுநாள் காலை 9.30க்கு, அவருடைய மருந்தகத்திலேயே தேர்வு.

அன்று பதினைந்து முறை. இரவு கிள்ளானிலேயே தங்கினேன், 80 ரிங்கிட்.

மூன்றாம் நாள் 7.30க்கு மணியம் அண்ணன் வந்தார். வாயைக் கோணி "குட் மோர்னிங்" சொன்னார். சிரித்தேன். சிஸ்டர் தம் காரில் முன்னதாகவே போய்விட்டிருந்தார். கேரி தீவு கிள்ளானிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர். வழியில் தெலோக் பங்ளிமா காராங் என்ற ஊரில் சாலையோரக் கடையில் நிறுத்தி, நம் பரோட்டா போன்ற ரொட்டி சானாயும் நுரைக்க ஆற்றிய தே தாரிக் தேநீரும் சாப்பிட்டோம், இருவருக்கும் 8 ரிங்கிட் 40 காசு. எழும்போது அண்ணன் சொன்னார்: "பாஸ், நீங்க ஊருக்குப் போயி வேல என்னன்னு கேட்டா, படுத்துக் கெடந்தேன்னு சொல்லுங்க. கவர்மென்ட் வேலன்னு நெனச்சுக்குவாங்க." நோட்டில் குறித்தேன். 8.21.

அதன் பிறகு அவர் பேசவில்லை. தீவுக்குப் போகும் பாலம் வந்தது. கீழே ஆறு, பாலின் நிறத்தில், போகிறதா வருகிறதா என்று தெரியாமல் கிடந்தது. எதிரே மீண்டும் செம்பனை வரிசைகள், பனி. நான் கண் சொருகிக் கிடந்தேன். கியரிலிருந்து அவருடைய இடது கை நழுவித் தொடையில் விழுந்தது. என் பக்கம் திரும்பினார். இடது கன்னம் தொங்கியது. "க...ய்... வ...ல்ல" என்பதுபோல் ஏதோ சொன்னார்.

சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன். நோட்டை எடுத்து எழுதினேன்: "8.34. இன்று என்னைவிடப் பிரமாதம்."

வேன் மிக மெதுவாக, ஓரத்துப் புல்லைத் தேய்த்துக்கொண்டு போனது. தீவின் அழகை ரசிக்க விடுகிறார் என்று எண்ணினேன். 8.46க்கு மருந்தக வாசலில், பூந்தொட்டி ஒன்றின் மேல் ஏறி நின்றது.

அம்பிகா ஓடிவந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்தது: அறிவிக்காமல் வைத்த தேர்வு என்று நினைத்துவிட்டார். பதற்றத்தோடு, பாடம் ஒப்பிக்கும் குரலில், "அண்ணே, சிரிங்க" என்றார். மணியம் அண்ணன் பாதி சிரித்தார். "ரெண்டு கையும் தூக்குங்க." வலது கை எழுந்தது. "பேரு சொல்லுங்க." ஒரு சத்தம் வந்தது. அம்பிகா இரண்டு விரலை நீட்டிக் காதில் வைத்தார். "ஹலோ, 999..."

அங்கே நின்றார். தொடையில் கிடந்த அந்த இடது கையைத் தொட்டார். எடுத்தார், விட்டார். அது விழுந்த விதத்தைப் பார்த்தார், அப்போதுதான் நானும் பார்த்தேன். பிறகு காதிலிருந்த வெறும் கையை இறக்கி, சட்டைப் பையிலிருந்து உண்மையான தொலைபேசியை எடுத்தார்.

8.49க்கு அழைத்தார். யாரையும் கேட்கவில்லை. சத்தம் கேட்டு வந்த மருந்தகத்துத் துப்புரவுப் பெண் ஒரு கோப்பையோடு நின்றார். "அக்கா, வாயில ஒன்னும் கொடுக்கக் கூடாது. நீங்க குடிங்க" என்றார் அம்பிகா. என்னிடமும் அந்தப் பெண்ணிடமும் சொல்லி அண்ணனை இறக்கி, தலை சற்று உயர, ஒருக்களித்துப் படுக்கவைத்தார். எனக்காகக் கொண்டுவந்திருந்த அதே கட்டில். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார். உள்ளேயிருந்து வந்த சிஸ்டர் புஷ்பா வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"அண்ணே" என்று அம்பிகா என் பக்கம் திரும்பினார். "கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?"

"இப்பத்தான்" என்றேன். "இங்கே வந்து நின்றபோதுதான்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போது தெரியும். வேறு எந்த நேரத்தைச் சொன்னாலும் நான் சிரித்ததைச் சொல்ல வேண்டும். மருந்துத் தாள்களில் 'உடனடியாக மருத்துவரிடம் தெரிவிக்கவும்' என்று ஆயிரம் முறையாவது எழுதியிருப்பேன்.

"நீங்க எப்பப் பாத்தீங்கன்னு கேக்கல. எப்ப நல்லாப் பேசினாரு?"

நோட்டைத் திறந்தேன். "பாலத்தில் வாய் கோணியது, 8.34. நடிக்கிறார் என்று சிரித்துவிட்டேன். அதற்கு முன்னால் கடையில் நன்றாகப் பேசினார். 8.21."

என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு நேரமில்லை. பேனாவை எடுத்து மணியம் அண்ணனின் வலது முன்கையில் பெரிதாக 8.21 என்று எழுதினார். "தாளு தொலஞ்சுரும்" என்றார்.

ஆம்புலன்ஸ் 9.14க்கு வந்தது. கிள்ளானின் அரசு மருத்துவமனைக்கு 10.02. முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நேரே ஸ்கேன். அண்ணனின் மனைவி தேவி அக்கா பள்ளி வேன் ஓட்டுபவர். பிள்ளைகளை இறக்கிவிட்டு, யாரோ மறந்த தண்ணீர்ப் புட்டியைக் கையில் வைத்தபடியே வந்து சேர்ந்தார். ரத்தக் கசிவு இல்லை, அடைப்புதான், மருந்து கொடுக்கலாம், ஆனால் அதனாலேயே கசிவு வரும் ஆபத்தும் உண்டு என்று மருத்துவர் சொன்னார். நேரம் நிச்சயமா என்று கேட்டார். "அந்தத் தம்பி எழுதி வச்சிருக்காரு" என்று தேவி அக்கா என்னைக் காட்டினார். நிச்சயம் என்றேன். 10.41க்கு மருந்து ஏறியது.

நடைவழியில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளை உடைகள் வந்தன, போயின. கூரையில் இங்கும் ஒரு மின்விசிறி. சிஸ்டரிடம், ஏன் தலையிடவில்லை என்று கேட்டேன். "அவ தப்பு செஞ்சிருந்தா தள்ளிவிட்டுட்டு நான் செஞ்சிருப்பேன். செய்யலயே" என்றார்.

விதிகள் விதிகள்தாம். படிவத்தில் 'போலி நோயாளி' என்று இருந்ததால், உண்மையான நோயாளியைக் காப்பாற்றியது தேர்வாகக் கணக்கில் வரவில்லை. மறுநாள் காலை கிள்ளானில் அம்பிகாவுக்கு மறுதேர்வு. நான் படுத்தேன். "அண்ணே, சிரிங்க" என்றார். கன்னத்தைத் தொங்கவிட முயன்றேன், முடியவில்லை. கையைப் போட முயன்றேன், அது தானாக மேலே போனது. அம்பிகா என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் படிவத்தில் எழுதினார்: 'பக்கவாதம் இல்லை. பயந்திருக்கிறார்.' சிஸ்டர் முழு மதிப்பெண் போட்டார்.

அன்று பிற்பகல் வார்டுக்குப் போனேன். மணியம் அண்ணனின் இடது கை தோள்வரை எழுந்தது, விரல்கள் இன்னும் எழவில்லை. பேச்சு வந்தது. ஒவ்வொரு சொல்லும் மேடேறி வருவதுபோல் வந்தது.

"பாஸ். பாலத்துல. கை வரலன்னு சொன்னேன்."

"தெரியும் அண்ணே. நான் சிரித்தேன்."

தேவி அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நல்லாவா இருந்துச்சு?" என்று கேட்டார் மணியம் அண்ணன். நோட்டைத் திறந்து 8.34 என்று எழுதிய வரியைக் காட்டினேன்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பிரிக்பீல்ட்ஸில் மோனோரயில் பக்கத்து அறை வேண்டாம். கிள்ளானுக்கு ரயிலே நல்லது, ஆனால் ரயில்களுக்கு இடையே நீண்ட இடைவெளி உண்டு. அட்டவணையைப் பார்த்துக் கிளம்புங்கள். கேரி தீவுக்குப் பொதுப் பேருந்தை நம்ப முடியாது, வண்டி பேசிக்கொண்டு போக வேண்டும். பனி பார்க்க 8.30க்கு முன் பாலத்தைக் கடந்துவிடுங்கள். உடன் வருபவர் திடீரென்று அமைதியானால், தூங்காதீர்கள்.

வார இறுதிகளில் தேவி அக்கா பள்ளி வேனைச் சுற்றுலாவுக்கு ஓட்டுகிறார், கிள்ளானிலிருந்து தீவுக்குப் போய்வர 120 ரிங்கிட். முன்னிருக்கையில் அவருடைய கணவர் இருப்பார். வழி அவர்தான் சொல்வார், நகைச்சுவையும் சொல்வார். சொற்கள் வர நேரமாகும். நடுவில் இரண்டு மூன்று இடத்தில் முடிந்துவிட்டதுபோல் இருக்கும், முடிந்திருக்காது. அவர் முழுவதும் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள். அதற்குப் பிறகு சிரியுங்கள்.